கம்ப்யூட்டர் இருக்க செஸ் புதிரை நாம ஏன் தீர்க்கணும்? குகேஷ் ஆட்டம் சொல்லும் பதில்

இன்று செல்போனில் ஓடும் செஸ் புரோகிராமே உலக சாம்பியனைத் தோற்கடிக்கும். அப்படி இருக்கும்போது, அஸ்தினாபுரத்தில் செஸ் வகுப்புக்குப் போகும் பிள்ளை எண்ட்கேம் புதிரோடு மணிக்கணக்கில் ஏன் போராடணும்?

சிங்கப்பூரில் நடந்தது என்ன?

2024 டிசம்பர் 12. உலக சாம்பியன்ஷிப்பின் 14வது ஆட்டம். ஸ்கோர் 6.5 - 6.5. டிராவை நோக்கிப் போன ஆட்டத்தில், 55வது நகர்வில் டிங் லிரென் யானையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். குகேஷ் யானையை வெட்டினார். அடுத்து பிஷப்பையும் மாற்ற வைத்தார். மிச்சம் குகேஷுக்கு 2 சிப்பாய், டிங்குக்கு 1. அவ்வளவுதான், 18 வயதில் சென்னைப் பையன் உலக சாம்பியன்!

7 காய் கணக்கு தெரியுமா?

யானைகள் போனதும் பலகையில் இருந்தது ராஜாக்களையும் சேர்த்து 7 காய்கள். 7 காய் வரைக்கும் செஸ்ஸுக்கு விடை தெரியும். செக்மேட் ஆன நிலையில் தொடங்கி, ஒவ்வொரு நகர்வாகப் பின்னோக்கிப் போய் கம்ப்யூட்டர் போட்ட பட்டியல் இது. பெயர் 'டேபிள்பேஸ்'. 2012-ல் மாஸ்கோவில் தயாரானபோது அதன் அளவு சுமார் 140 டெராபைட். 2018-ல் வந்த 'சிசிஜி' வடிவம் 20 டெராபைட்டுக்குள் அடங்கியது.

அப்போ கம்ப்யூட்டர் எங்கே திணறும்?

காய்கள் அதிகமானால் பட்டியல் உதவாது. ஸ்டாக்ஃபிஷ் போன்ற புரோகிராம்கள் முன்னோக்கித் தேடணும். வேகத்துக்காக, பயனில்லை என்று தோன்றும் வழிகளைப் பாதியிலேயே விட்டுவிடும். எண்ட்கேம் புதிர் அமைப்பவர்கள் விடையை ஒளித்து வைப்பதே அங்கேதான். ராணி கிடைக்கும் இடத்தில் குதிரை வாங்குவது, எந்தக் காயை நகர்த்தினாலும் கெடுதல் என்ற நிலைக்கு எதிரியைத் தள்ளுவது... இப்படி.

நெதர்லாந்தின் வான் பிரூகெலன் அமைத்த ஒரு புதிரை, 1987-ல் பிரஸ்ஸல்ஸ் போட்டியில் பிளாஸ்கெட் மற்ற வீரர்களிடம் காட்டினார். முன்னாள் உலக சாம்பியன் மிகைல் தால் விடை கண்டுபிடித்தார். கம்ப்யூட்டர்களுக்கோ அது பல வருஷம் பிடிபடவில்லை. இன்னொரு பக்கம், பழைய புதிர்கள் பலவற்றில் இருந்த ஓட்டைகளைக் காட்டிக்கொடுத்ததும் இதே கம்ப்யூட்டர்தான்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

குகேஷின் பயிற்சியாளராக இருந்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, 2500 ரேட்டிங்கைத் தொடும் வரை அவரை கம்ப்யூட்டர் உதவி இல்லாமலே பழக்கினார். காரணம் எளிது. புரோகிராம் 'இந்த நகர்வு ஜெயிக்கும்' என்று காட்டும். ஏன் என்று சொல்லாது. போட்டியில் பிள்ளை கையில் போன் இருக்காது, அந்த 'ஏன்' மட்டும்தான் இருக்கும்.

அதனால் முதலில் பலகையில் காயை வைத்து யோசிக்கட்டும். விடையை நோட்டில் எழுதட்டும். அதற்குப் பிறகு போனில் சரிபார்க்கலாம். தப்பாக இருந்தால், எந்த நகர்வைப் பார்க்காமல் விட்டோம் என்று தேடச் சொல்லுங்கள்.