எந்தக் கதவுக்குத் தீக்காவல் வேண்டும்?



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றார்கள் நம் பெரியவர்கள். தாமானில் கட்டி முடித்த வீட்டைச் சாவியோடு வாங்குகிறவர்களுக்கும் அந்தப் பழமொழி பொருந்தும். சுங்கை சோ, செரண்டா, ராவாங் பக்கங்களில், தோட்டத்து லயத்தை விட்டு வந்து, சேமநிதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் சேர்த்து முதல் வீடு வாங்கிய குடும்பங்கள் பல. அவர்களில் ஒருவர், என் மாணவியின் தகப்பனார், அண்மையில் ஒரு கேள்வி கேட்டார்.

"சார், எல்லா அறைக்கும் நெருப்புத் தாங்குற கதவு போட்டாத்தான் பாதுகாப்புன்னு கடையில சொல்றாங்க. விலையைக் கேட்டா தலை சுத்துது. போடணுமா, வேணாமா?"

இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் எழலாம். ஆகவே எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில், தீ தாங்கும் கதவு என்றால் என்ன? அது வெறும் தடித்த பலகை அன்று. கதவு, நிலை, கீல், பூட்டு ஆகிய அனைத்தையும் ஒன்றாகப் பொருத்திச் சூளையில் வைத்துச் சோதிப்பார்கள். அரை மணி நேரம் தாங்கினால் அரை மணிக் கதவு. ஒரு மணி நேரம் தாங்கினால் ஒரு மணிக் கதவு. ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும். சூடு பட்டதும் அது உப்பி இடுக்கை அடைத்துவிடும். மேலே உள்ள கருவி, திறந்த கதவைத் தானாகவே மூடும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கொடுத்த விலை வீண்.

இனி சட்டம். நம் நாட்டுக் கட்டடங்களுக்கு 1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டட உட்சட்டங்கள் அடிப்படை. ஒரு குடும்பம் மட்டும் வாழும் வழக்கமான ஒற்றை மாடி, இரட்டை மாடி வரிசை வீட்டில், படுக்கையறைக்கும் அடுக்களைக்கும் தீ தாங்கும் கதவு போட வேண்டும் என்று அவை கேட்பதில்லை. அவை கண்ணும் கருத்துமாய்க் கவனிப்பது வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள பொதுச் சுவரைத்தான். ஒரு வீட்டு நெருப்பு அடுத்த வீட்டுக்குத் தாவக்கூடாது என்பதே நோக்கம்.

சட்டம் கேட்காவிட்டாலும் போட்டால் நல்லதுதானே என்பீர்கள். சற்று மேலே அண்ணாந்து பாருங்கள். கதவுக்கு மேல் காற்றுப் போகத் துளைக்கல் வைத்திருக்கிறதா? அறைச் சுவர் கூரை வரை போகாமல், மெல்லிய சீலிங்கோடு நின்றுவிடுகிறதா? அப்படியானால் புகை அந்த வழியே வந்துவிடும். வேலியில் இடைவெளியை விட்டுவிட்டுப் படலுக்கு இரும்புப் பூட்டுப் போடுவது போன்றது அது.

ஆனால் அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு என் பதில் வேறு. பொது நடைபாதையை நோக்கியிருக்கும் உங்கள் வாசல் கதவு, தீ தாங்கும் கதவாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். அழகுக்காக அதைக் கழற்றிவிட்டுச் சித்திர வேலைப்பாடுள்ள கதவை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தானே மூடும் கருவி தொல்லை என்று கழற்றுகிறவர்களும் உண்டு. 2017 ஜூன் 14ஆம் தேதி லண்டனில் 24 மாடி கிரென்பெல் கட்டடம் எரிந்து 72 பேர் மாண்டனர். சுவரின் வெளிப்பூச்சுத் தகடுகளே தீ பரவப் பெருங்காரணம். ஆயினும் சில வீட்டுக் கதவுகள் தாமே மூடாததால் புகை நடைபாதைகளில் நிறைந்ததையும் விசாரணை எடுத்துக்காட்டியது. அங்கிருந்து எடுத்துச் சோதித்த ஒரு கதவு, 30 நிமிடம் தாங்க வேண்டியது, ஏறக்குறைய 15 நிமிடமே தாங்கியது.

கீழே கடை, மேலே குடும்பம் என்று வாழ்கிறவர்களும், வீட்டைப் பாலர் பள்ளியாகவோ விடுதியாகவோ மாற்ற நினைப்பவர்களும், நகராண்மைக் கழகத்தையும் போம்பாவையும் கேட்காமல் ஆசாரியை அழைக்க வேண்டாம். அங்கே விதிகள் கடுமையானவை.

அப்படியானால் வரிசை வீட்டுக்காரர் செலவில்லாமல் செய்யக்கூடியது என்ன? இரவில் கதவை மூடிப் படுப்பது! அமெரிக்காவின் யூ.எல். நிறுவனத் தீயாய்வாளர்கள் வீடுகளில் தீ மூட்டிச் சோதித்தார்கள். கதவு திறந்திருந்த அறையில் வெப்பம் 500 டிகிரி செல்சியசுக்கும் மேலே போனது. கதவு மூடியிருந்த அறையிலோ ஏறக்குறைய 38 டிகிரி. சாதாரணக் கதவேதான்! தப்பிக்கச் சில நிமிடங்களை அது வாங்கித் தருகிறது. இன்றைய சோபா, மெத்தைகளில் உள்ள செயற்கைப் பஞ்சு பழைய மரச் சாமானைவிட விரைவாக எரிந்து நச்சுப் புகையைக் கக்குகிறது. ஆகவே அந்த நிமிடங்கள் அருமையானவை.

ஆனால் தப்பிக்க வழி வேண்டுமே! நம் வீடுகளின் பெரிய ஆபத்து திருடனுக்குப் பயந்து போட்ட கிரில்தான். 2017 செப்டம்பர் 14ஆம் தேதி கோலாலம்பூர் டத்தோ கெராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதி எரிந்து 23 பேர் மாண்டனர், பெரும்பாலோர் மாணவர்கள். வாசல் பக்கம் தீ. சன்னல்களிலோ இரும்புக் கம்பிகள். அந்தப் பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள்?

ஆகவே அந்தத் தகப்பனாருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். தீ தாங்கும் கதவுக்கு வைத்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, படுக்கையறை கிரில் ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கும்படி மாற்றுங்கள். சாவியை அருகிலேயே, பிள்ளைகளுக்கும் எட்டும் ஆணியில், ஆனால் வெளியிலிருந்து கைக்கு எட்டாதபடி மாட்டுங்கள். கூடத்திலும் மாடிப்படி மேலும் புகை எச்சரிக்கைக் கருவி பொருத்துங்கள். இரவில் மோட்டார் சைக்கிளைக் கூடத்தில் நிறுத்தாதீர்கள். பெட்ரோலும் உறங்கும் பிள்ளைகளும் ஒரே இடத்தில் இருக்கலாகாது. சாமி விளக்கைக் குளிரவைத்து, எரிவாயுக் கலனின் திருகை மூடிவிட்டுப் படுங்கள். அழைக்க வேண்டிய எண் 999 என்பதைச் சின்னக் குழந்தைக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இன்றிரவே விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளைக் கிரில் சாவியை எடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் முடிகிறதா? முடியாவிட்டால் நாளை இரவும் பழக்குங்கள். கதவைப் பற்றிய கவலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.