திறப்பை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

வெள்ளவத்தைப் பக்கம் ஒரு கணவனும் மனைவியும் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு வருடம் வெளிநாடுகளைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வேலைக்கோ, அங்கேயே தங்கிவிடவோ அவர்கள் போகவில்லை. பார்க்கப் போகிறார்கள், ஒரு வருடத்தில் திரும்பி வருவார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் நடக்கும் கதையைப் பார்த்தால், அவர்கள் ஏதோ குற்றம் செய்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"சல்லி கூடினா இப்படித்தான்." "இந்த வயசில என்ன ஊர் சுத்தல்?" "ஹஜ்ஜ முடிச்சிட்டாங்களா?" "பொம்பள சொல்லித்தான் இவரு ஆடுறாரு." "போனா திரும்பி வர மாட்டாங்க, பாருங்க."

அவர்கள் எனக்கு உறவுமில்லை, நெருங்கிய பழக்கமுமில்லை. அதனால் அவர்களுக்காக வாதாட வரவில்லை. இந்தப் பேச்சு எங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்பதுதான் என் கவலை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்களில் "வீட்டை விட்டுப் போதல்" என்ற வார்த்தை ஒருநாளும் சந்தோஷமான வார்த்தையாக இருந்ததில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடிழந்த தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறி யாழ்ப்பாணம் போனார்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வெளியேறக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று புத்தளத்திலும் கொழும்பிலும் எங்களோடுதான் வாழ்கிறார்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் லொட்ஜ்களில் வெளிநாட்டுப் பயணத்துக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவர்களை எங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2007 ஜூன் 7ஆம் திகதி அந்த லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. பிறகு 2022. பாஸ்போர்ட் எடுக்க பத்தரமுல்லையில் இரவு பகலாக நீண்ட வரிசை. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள்.

இவ்வளவையும் கண்ட சமூகத்துக்கு யாராவது பெட்டி கட்டினால் பயம் வருவது இயல்பு. "திரும்பி வர மாட்டாங்க" என்ற சொல்லுக்குள் அந்தப் பயம்தான் இருக்கிறது. அதை நான் குறைகூறவில்லை. ஆனால் விரட்டப்பட்டுப் போவதும், பிழைக்கப் போவதும், பார்க்கப் போவதும் மூன்று வேறு விஷயங்கள். மூன்றாவதை நாங்கள் கண்டதே குறைவு. அதனால்தான் அதைக் கண்டதும் என்ன சொல்வதென்று தெரியாமல் தடுமாறுகிறோம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நாங்கள் துஆ செய்து, சோறு ஆக்கிக் கொடுத்து, விமான நிலையம் வரை போய் அனுப்பி வைக்கும் பயணங்கள் எவை? கல்யாணம் முடிந்து மூன்று மாதத்தில் கணவன் கட்டாருக்குப் போவான். மனைவி இங்கே. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவு. இப்படியே பதினைந்து வருடம் போய்விடும். எங்கள் பாடசாலையில் பெற்றோர் கூட்டம் வைத்தால் பாதிக் கதிரைகளில் இருப்பது உம்மம்மாக்களும் மாமிமார்களும்தான். வாப்பா வீடியோ கோலில். சில பிள்ளைகளுக்கு உம்மாவும் அங்கேதான். அப்படிப் போனவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன், அவர்களின் வியர்வையில்தான் இந்த நாட்டின் பல அடுப்புகள் எரிகின்றன. ஆனால் ஒரு கணக்கைக் கேட்கிறேன். கணவனையும் மனைவியையும் பிரிக்கும் பயணத்துக்கு ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. இருவரும் கைகோர்த்துப் போய், ஒன்றாகத் திரும்பி வரும் பயணத்துக்கு இத்தனை கேள்வி. இது என்ன நியாயம்?

அதிலும் பெண் என்றால் கேள்வி கூடுகிறது. கஷ்டப்பட்ட குடும்பத்துப் பெண் தனியாகப் பணிப்பெண்ணாகப் போகும்போது "பாவம், என்ன செய்றது" என்று சொல்லிப் பேசாமல் இருக்கிறோம். முப்பது வருடம் சமைத்து, பிள்ளை வளர்த்து, மாமா மாமியைப் பார்த்த ஒரு பெண் தன் கணவனோடு உலகத்தைப் பார்க்கப் போனால் "ஆட்டம்" என்கிறோம். பெண் வெளியே போவது எங்களுக்குப் பிரச்சினையாகத் தெரியவில்லை. அவள் சந்தோஷமாகப் போவதுதான் பிரச்சினை போலிருக்கிறது.

அரசாங்கத்தின் கணக்கும் இப்படித்தான். 2022 ஜூனில் வந்த 14/2022 ஆம் இலக்க அரச நிர்வாகச் சுற்றறிக்கை, அரச ஊழியர்கள் வேலை தேடி வெளிநாடு போக 5 வருடம் வரை சம்பளமற்ற லீவு தந்தது. டொலர் தேவைப்பட்ட நேரம், அதில் தவறில்லை. ஆனால் சம்பாதிக்கப் போவதுதான் பயணம் என்ற எண்ணம் எங்கள் மனதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது என்பதை வகுப்பறையில் பார்க்கிறேன். ஒன்பதாம் தரப் பிள்ளைகளிடம் "எந்த நாட்டைப் பார்க்க ஆசை?" என்று கேட்டால், எந்த நாட்டில் எவ்வளவு சம்பளம் என்று பதில் சொல்கிறார்கள். பதினான்கு வயதில் ஒரு பிள்ளைக்கு ஒரு ஆற்றையோ மலையையோ பார்க்க ஆசை வரவில்லை என்பது ஒரு ஆசிரியையாக எனக்கு வலிக்கிறது.

எங்கள் வரலாறு இப்படியானதல்ல. இப்னு பதூதா 1325இல் தன் 21ஆவது வயதில் ஹஜ்ஜுக்கென்று தாஞ்சியரிலிருந்து புறப்பட்டவர். 1344இல் இலங்கைக்கு வந்தார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, பாவா ஆதம் மலைக்குப் போக ஆளும் பல்லக்கும் கொடுத்து அனுப்பினார். திரும்பும் வழியில் காலியையும் கொழும்பையும் பார்த்து எழுதி வைத்தார். இந்தக் கொழும்பை, பெரிய அழகான நகரம் என்று அன்றே ஒரு பயணி சொல்லியிருக்கிறார். அவர் வந்து பார்த்து எழுதியதால்தான் அன்றைய எங்கள் ஊர்களைப் பற்றி இன்று பல விஷயங்கள் எங்களுக்குத் தெரிகின்றன. கொழும்பு தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்த அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஊர் விட்டு ஊர் போய் வந்தவர்களால் உருவான சமூகம் நாங்கள்.

"அதெல்லாம் பெரிய ஆட்கள்" என்று சொல்பவர்களுக்கு ஒரு தேநீர்க் கடைக்காரரின் கதை சொல்கிறேன். கேரளத்தில் கொச்சியில் விஜயன், மோகனா என்று ஒரு தம்பதி. ஸ்ரீ பாலாஜி கோப்பி ஹவுஸ் என்ற சின்னக் கடைதான் அவர்களின் பிழைப்பு. தினமும் வருமானத்தில் 300 ரூபா எடுத்து வைத்தார்கள். போதாததற்குக் கடன் எடுத்துப் பயணம் போவார்கள். திரும்பி வந்து தேநீர் ஆற்றி அந்தக் கடனைக் கட்டி முடித்து, அடுத்த நாட்டுக்குப் போவார்கள். முதல் வெளிநாட்டுப் பயணம் 2007இல். பிறகு 25க்கும் மேற்பட்ட நாடுகள். கடைசியாக 2021 ஒக்டோபரில் ரஷ்யா. திரும்பி வந்து சில வாரங்களில், நவம்பர் 19ஆம் திகதி, விஜயன் காலமானார். அவர்கள் ஒரே மூச்சில் ஒரு வருடம் போனவர்களல்ல. ஆனால் பயணம் பணக்காரரின் பொழுதுபோக்கு என்ற பேச்சுக்கு அந்தக் கடை ஒரு பதில்.

இனி எதிர்க் கேள்விகளுக்கு வருகிறேன். எல்லாமே வெறும் பொறாமையில் வந்தவை அல்ல.

ஹஜ் முதலில் இல்லையா? கடமையானவருக்கு அதுதான் பெரியது. அதில் இரண்டு பேச்சில்லை. தாமதிப்பது பற்றிய சட்டத்தை உலமாக்களிடம் கேட்க வேண்டும், நான் மௌலவியா அல்ல. ஆனால் அந்தத் தம்பதி ஹஜ் முடித்தார்களா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். அது அவர்களுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான கணக்கு. வட்ஸ்அப் குழு அதற்குக் கணக்காய்வாளர் அல்ல.

சல்லியை வீணாக்குவதில்லையா? வீண்விரயம் கூடாது, சரி. ஆனால் ஒரே இரவுக் கல்யாணத்துக்கு ஹோல், மேடை, பூ, வீடியோ என்று கொட்டும்போது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அந்தச் செலவில் கடன் எத்தனை, அது யாருடைய தலையில் என்று எல்லோருக்கும் தெரியும். தன் உழைப்பில், ஸகாத்தைக் கொடுத்துவிட்டு, யாருடைய உரிமையிலும் கைவைக்காமல் ஒருவர் செலவழித்தால் அது அவருடைய சல்லி. கடனில் போவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். கொச்சித் தம்பதிக்கு அது சரிவந்தது. எங்களுக்கு 2022 ஒரு பாடம். வருடத் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ரூபாவில் கணக்குப் போட்டு, கடனை நம்பி நடுவழியில் நின்றிருந்தால் என்னாகியிருக்கும்?

வயதான பெற்றோர்? இந்தக் கேள்விக்கு மட்டும் நான் தலைகுனிந்துதான் பதில் சொல்ல வேண்டும். நான் மேலே புகழ்ந்த இப்னு பதூதாவைப் பாருங்கள். தன் தந்தை இறந்த செய்தி அவருக்கு டமஸ்கஸில் கிடைத்தபோது, அவர் மரணித்துப் பதினைந்து வருடமாகியிருந்தது. 1349இல் சொந்த நாட்டுக்குத் திரும்பினார். வீட்டை அடைய முன்பே, தாயும் கொள்ளைநோயில் போய்விட்டார் என்ற செய்தி வழியில் காத்திருந்தது. உலகம் போற்றும் பயணி கொடுத்த விலை அது. இன்று போன் இருக்கிறது, விமானம் இருக்கிறது. இருந்தாலும் படுக்கையில் உள்ள உம்மாவைத் தூக்கி இருத்த வீடியோ கோலால் முடியாது. எங்கள் வீடுகளில் ஒருவர் போனால் அந்தப் பாரம் யாரிடமும் கேட்காமலே ஒரு தங்கச்சியின் தலையிலோ, ஒரு மருமகளின் தலையிலோ விழுகிறது. அவளைக் கேட்டு, அவள் மனதார ஒப்புக்கொண்டு, செலவையும் பகிர்ந்த பிறகுதான் டிக்கெட் போட வேண்டும். அது முடியாதென்றால் பயணம் காத்திருக்கட்டும். மலைகள் எங்கும் போய்விடாது.

எங்கள் மூத்த தலைமுறைக்கு இதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனவர்கள் பல மாதம் கழித்துத்தான் திரும்புவார்கள். போக முன் கடனை அடைப்பார்கள். வீட்டில் உள்ளவர்களின் சாப்பாட்டுக்கு வழி செய்வார்கள். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைப்பார்கள். வஸிய்யத் எழுதுவார்கள். பிறகு வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்வார்கள். முஸ்லிம் வீடு, தமிழ் வீடு, சிங்கள வீடு என்று பார்க்க மாட்டார்கள். ஒரு வருடப் பயணம் போகும் எவருக்கும் இதைவிட நல்ல பட்டியல் எனக்குத் தெரியாது.

எங்கள் பாஸ்போர்ட்டோடு ஒரு வருடம் சுற்றுவது லேசான வேலையுமல்ல. சிங்கப்பூர், மாலைதீவு, நேபாளம் போன்ற சில இடங்கள் லேசு. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு வங்கிக் கணக்கு விபரம் வேண்டும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்புறுதி வேண்டும், 180 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் தங்கவும் முடியாது. இதையெல்லாம் உட்கார்ந்து திட்டமிட்டவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் பாஸ்போர்ட்டோடு போய், சொன்ன நாளில் திரும்பி வரும் ஒவ்வொருவரும் அடுத்து விண்ணப்பிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் நல்லதுதான் செய்கிறார்கள்.

தமிழில் நாங்கள் "போறோம்" என்று சொல்வதில்லை. "போயிட்டு வாறோம்" என்றுதான் சொல்கிறோம். போவதையும் வருவதையும் சேர்த்தே சொல்லித் தந்த மொழி இது. விரட்டப்பட்டவர்களுக்கு அந்த இரண்டாவது வார்த்தை இல்லாமல் போனது. அதைச் சொல்லும் வாய்ப்புள்ள இருவர் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள் என்றால் நாங்கள் சந்தோஷப்பட வேண்டாமா?

ஆகவே அயலில் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவர்கள் பயணம் சொல்ல வந்தால் கணக்குக் கேட்காதீர்கள். "திறப்ப எங்கட வீட்டுல வச்சிட்டுப் போங்க, வாரத்துக்கு ஒருக்கா ஜன்னலத் தொறந்து, செடிக்குத் தண்ணி ஊத்துறோம்" என்று சொல்லுங்கள். 1983லும் 1990லும் வீட்டை விட்டுப் போனவர்களில் எத்தனை பேருக்கு இந்த வார்த்தையைக் கேட்கக் கிடைத்தது? திறப்பைக் கொடுக்க ஒரு அயல்வீடு இருக்கிறது என்பதுதான் ஒரு ஊர், ஊராக இருப்பதற்கு அடையாளம்.

அல்லாஹ் அவர்களின் பயணத்தை இலேசாக்கி, ஆரோக்கியத்தோடு திரும்பச் செய்வானாக. மாற்றுக் கருத்துள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். ஆனால் யாருடைய பெயரையும் இங்கே இழுக்க வேண்டாம்.

வஸ்ஸலாம்.