அம்மா என்ன, அட்மினா?

"பிஸியான குடும்பத்துக்கு ஏற்ற பத்து அப்கள்" என்று யூடியூபில் வாற காணொளிகளைப் பார்த்தால் எங்களுக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்தக் குடும்பங்களுக்கு இரண்டு கார் இருக்கும். குசினிச் சுவரில் பெரிய தொடுதிரை ஒன்று இருக்கும். உப்புவெளியில் பிஸியான குடும்பம் எண்டால் கதை வேற. அப்பாவுக்கு நிலாவெளி றோட்டில் ஏதாவது ஒரு ஹோட்டலில் ஷிப்ட். ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரைக்கும் சீசன், லீவு எண்ட பேச்சே இல்லை. அம்மா படிப்பிக்கப் போறா. அண்ணாவுக்கு டவுனில் ஏ.எல் டியூசன், தங்கச்சிக்கு ஓ.எல் கிளாஸ், அம்மம்மாவுக்கு மாதக் கிளினிக். மாமா கட்டாரில், அங்கத்தைய நேரம் எங்களை விட இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. கோயில் திருவிழா, சீட்டுக்காசு கட்டுற நாள், காஸ் முடியப்போற நாள் எல்லாம் இதுக்குள்ளதான்.

இவ்வளவும் எங்கே எழுதப்பட்டிருக்கு? அம்மாவின் தலைக்குள்ளே.

2017இல் எம்மா என்ற பிரெஞ்சுக் கார்ட்டூன் கலைஞர் இதைப் படக்கதையாக வரைந்து உலகம் முழுக்கப் பேசவைத்தார். வேலையைச் செய்வது ஒரு பாரம், என்ன வேலை எப்ப செய்யவேணும் என்று நினைவில் வைத்திருப்பது இன்னொரு பாரம் என்பதுதான் அவர் சொன்னது. "என்னட்ட கேட்டிருந்தால் செய்து தந்திருப்பனே" எண்டு சொல்லுற ஆம்பிளை அந்த இரண்டாவது பாரத்தைத் தொடுவதே இல்லை. இலங்கையில் அதே 2017இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் ஆக்கள் நாளின் 24 மணித்தியாலத்தை எப்படிச் செலவழிக்கினம் என்று ஒரு ஆய்வு செய்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்களின் பங்கு ஆண்களை விட மிக அதிகம் என்று அது காட்டியதில் எங்கட வீடுகளில் ஒருத்தருக்கும் ஆச்சரியம் வராது.

இப்ப இந்த வீட்டுக்குள்ள ஒரு அப்பைக் கொண்டுவந்தால் என்ன நடக்கும்? அம்மாதான் எல்லாத்தையும் பதிவா. மற்றவை "நோட்டிபிகேஷன் வரேல்லை" என்று சொல்லுவினம். முந்தி நினைவில் வைத்திருந்தா. இனி நினைவில் வைத்துக்கொண்டு டைப்பும் பண்ணவேணும். இதை முன்னேற்றம் என்று எங்களால் ஒத்துக்கொள்ள ஏலாது.

"அப்பாவுக்கு இதெல்லாம் நினைவு நிக்காது" என்ற சாட்டை மட்டும் கொண்டுவராதேங்கோ. 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது எல்லா அப்பாமாருக்கும் நினைவு நின்றது. வாகன இலக்கத்தின் கடைசி எண் 0, 1, 2 எண்டால் செவ்வாயும் சனியும். 3, 4, 5 எண்டால் வியாழனும் ஞாயிறும். மிச்சத்துக்குத் திங்கள், புதன், வெள்ளி. மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற காலத்தில், எந்தப் பகுதிக்கு எந்த நேரம் கட் என்று ஆங்கில எழுத்துக் குழுக்களைக் கூட மனப்பாடமாகச் சொன்ன ஆக்கள் இவை. கிளினிக் திகதி மட்டும் மண்டைக்குள்ள ஏறாதாம்!

வட்ஸ்அப் குறூப் காணும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேணும். குறூப்பில் போட்ட திகதி, பின்னேரம் ஆகமுதல் காலை வணக்கப் படங்களுக்கும் சித்தியின் சமையல் வீடியோவுக்கும் கீழே புதைந்துபோகும். அது பேசுற இடம், குறித்துவைக்கிற இடம் இல்லை. அதோட இந்த நாட்டில் அது எப்ப நிற்கும் என்று சொல்ல ஏலாது: 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது நிறுத்தினார்கள், 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்புக்குப் பிறகு நிறுத்தினார்கள், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி போராட்டத்துக்குப் பயந்து நிறுத்தினார்கள்.

எங்கட நேரத்தை மற்றவன் தீர்மானிக்கிறது புதுசும் இல்லை. 1996 மே மாதம், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திருப்பி எடுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்கு வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இந்தப் பத்து வருசமும் பழைய நேரத்திலேயே நின்றன. திருகோணமலை டவுனில் ஒரு நேரம், குடாவுக்கு அங்கால சம்பூர்ப் பக்கம் இன்னொரு நேரம். "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்று கேட்டுத்தான் ஒரு அலுவலுக்கு வெளிக்கிட ஏலும். எங்களில் கனபேர் அப்ப சின்னப்பிள்ளையள், சிலர் பிறக்கவே இல்லை.

இப்ப அந்த அதிகாரத்தை நாங்களாகவே கொண்டுபோய்க் கொம்பனிகளிட்டக் கொடுக்கிறோம். வுண்டர்லிஸ்ட் என்று எல்லாருக்கும் பிடித்த ஒரு பட்டியல் அப் இருந்தது. 2015இல் மைக்ரோசொஃப்ட் வாங்கியது, 2020 மே மாதம் மூடியது. அமெரிக்கக் குடும்பங்கள் பாவிக்கிற கோசி, 2024இல் இலவசக் கணக்குகளுக்கு 30 நாளுக்கு அங்கால உள்ள கலண்டரை மறைத்தது. உங்கட பிள்ளையின் பரீட்சைத் திகதியை நீங்களே பார்க்கக் காசு! லைஃப்360 இன்னும் மோசம். "குடும்பப் பாதுகாப்பு" என்று சொல்லி, பிள்ளையள் நிற்கிற இடத்தின் தரவுகளைத் தரகர்களுக்கு விற்றதை 2021 டிசெம்பரில் தி மார்க்கப் வெளிக்கொண்டுவந்தது. பிறகுதான் துல்லியமான இடத் தரவை விற்பதை நிறுத்துவதாக அறிவித்தது. தங்கச்சி கிளாஸ் முடிந்து எங்க நிற்கிறாள் என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டு இருப்பதற்குப் பெயர் நேர முகாமைத்துவம் இல்லை, உளவு. அண்ணாவை மட்டும் ஒருத்தரும் அப்படிப் பார்க்கிறதில்லை, கவனித்தீர்களோ?

அதுக்காகக் கருவியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒன்று எடுங்கோ, சின்னதாக எடுங்கோ. கூகிள் கலண்டர் ஏற்கெனவே கனபேரின் போனில் சும்மா கிடக்குது. அதில் குடும்பத்துக்கென்று தனிக் கலண்டர் ஒன்று திறந்து, எல்லாருக்கும் பார்க்கிற அனுமதியோட நிற்காமல் எழுதுகிற அனுமதியும் கொடுங்கோ. தமிழில் எழுதலாம். மாமாவின் போனில் அவரின் நேரத்துக்கே காட்டும், இரண்டரையைக் கழித்துப் பார்க்கத் தேவையில்லை. இலங்கை விடுமுறைகளைச் சேர்த்தால் போயா தினங்கள் வந்துவிடும், கோயில் திருவிழாவை நீங்கள்தான் போடவேணும். கூகிளும் ஒரு நாள் மூடலாம். அதனால் இடைக்கிடை கணினியில் திறந்து ஐ.சி.எஸ் கோப்பாக இறக்கி வையுங்கோ. அது 1998இல் இருந்து இருக்கிற பொதுவான வடிவம், வேற எந்தக் கலண்டரும் அதை வாசிக்கும். கூகிளையே நம்பாத ஆக்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட் இருக்குது, ஆனால் அதைப் பராமரிக்க வீட்டில் ஒருத்தருக்குப் பொறுமை வேணும்.

மாதம் ஒருக்கால் அதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில், பஞ்சாங்கக் கலண்டருக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கோ. அம்மம்மாவுக்கு ஸ்மார்ட்போன் இல்லை, ஆனால் அந்த வீட்டில் அவவுக்கும் நேரம் இருக்குது.

எங்கட ஒரேயொரு நிபந்தனை: யாருக்கு அலுவலோ அவரே எழுதவேணும். ஷிப்ட் மாறினால் அப்பா, கிளாஸ் மாறினால் அண்ணா. கிளினிக் கொப்பியைப் பார்த்து அடுத்த திகதியைப் பதிகிறதும் முறை வைத்து, அண்ணாவில் இருந்து தொடங்கட்டும். முதல் மாதம் பாதி அலுவல் தவறும். அம்மா பொறுக்காமல் தானே எழுதப் பார்ப்பா. அந்த ஒரு மாதம் அவவின்ட போனில் இருந்து எழுதுற அனுமதியை எடுத்துவிடுங்கோ.