ஊர் பார்த்த கதை: இருப்புப் பாதைக்கு அப்பால்

ஊர் பார்க்கப் போகிறவர்களில் இரண்டு வகையுண்டு. என்னென்ன பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே ஜாபிதா எழுதிச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு புறப்படுகிறவர்கள் ஒரு வகை. போன இடத்தில் கால் வலி கண்ட பிறகு, "இன்னும் என்ன பாக்கி?" என்று கேட்கிறவர்கள் மற்றொரு வகை. பள்ளிக்கூட வாத்தியாராகிய அடியேன் எந்த வகை என்பதை நேயர்கள் எளிதில் ஊகித்துக் கொள்வார்கள்.

அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள பிளாரிடா ராஜ்யத்தில், வின்டர் பார்க் என்னும் ஊருக்குப் போனபோது என் ஜாபிதாவில் நான்கு இனங்கள் இருந்தன. ஐந்தாவது ஒன்று அதில் இல்லை. இந்த வாரம் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்த ஐந்தாவதைப் பற்றித்தான். ஆனாலும் வரிசை தவறினால் வாத்தியாருக்கு மனம் கேட்காது. ஆகையால் முதலிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தமக்கையின் புதல்வன் ஆர்லாண்டோ நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறான். ஆர்லாண்டோ என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 1971-ஆம் வருஷம் அங்கே திறக்கப்பட்ட டிஸ்னி உலகம். அதை ஒரு நாள் முழுதும் சுற்றிப் பார்த்தேன். அன்று மாலையே, இனி இந்த ஜன்மத்துக்கு எலியைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றிவிட்டது. "நாளைக்கு வின்டர் பார்க் போகலாமா?" என்று கேட்டேன்.

"அங்கே என்ன இருக்கிறது, மாமா? ஏரியும் கடைத்தெருவுந்தான்" என்றான் பையன்.

ஆர்லாண்டோவின் வடக்கு எல்லையை ஒட்டி, சுமார் முப்பதினாயிரம் ஜனங்கள் வசிக்கும் சிறிய நகரம் அது. பெயருக்குக் 'குளிர்காலப் பூங்கா' என்று பொருள். குளிரே இல்லாத ஊருக்கு இப்படி ஒரு பெயரா என்றால், அதற்குக் காரணம் உண்டு. 1881-இல் லோரிங் சேஸ், ஆலிவர் சாப்மன் என்ற இருவர், புதிதாகப் போட்ட ரயில் பாதையின் அருகே சுமார் 600 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். வடக்கே பனியில் நடுங்கும் தனவந்தர்கள் குளிர்காலத்தைச் சுகமாகக் கழிப்பதற்கென்றே வீதிகளையும் மனைகளையும் திட்டமிட்டு விற்றார்கள். நாங்கள் போனது பிப்ரவரி மாதம். நம் மார்கழிக் காலை போன்ற இதமான காற்று. ஏரிக்கரைத் தோட்டங்களில் அசேலியாப் பூக்கள் கொத்துக் கொத்தாய் மலர்ந்திருந்தன. கோடைக்காலத்தில் போகிறவர்களுக்குப் புழுக்கமும் பிற்பகல் இடிமழையுமே பெரும்பாலும் கிடைக்கும்.

ஜாபிதாவில் முதலாவது ஒரு பள்ளம். பள்ளத்தைப் பார்க்க இவ்வளவு தூரமா என்று சிரிக்க வேண்டாம். 1981 மே மாதம் 8-ஆம் தேதி மாலை இவ்வூரில் பூமி உள்வாங்கத் தொடங்கியது. ஒரு வீடு, பழுது பார்க்க விட்டிருந்த விலையுயர்ந்த மோட்டார் வண்டிகள், நகரசபையின் நீச்சல் குளத்தில் ஒரு பகுதி, எல்லாம் உள்ளே போயின. பள்ளத்தின் அகலம் சுமார் 350 அடி. இந்தப் பிரதேசத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. மழைநீர் இறங்கி அதைச் சிறுகச் சிறுகக் கரைத்துக் குகைகளாக்கிவிடுகிறது. குகைக்குள் நீர் நிறைந்திருக்கும் வரையில் மேலே உள்ள மண்ணைத் தாங்கும். மழை பொய்த்து நிலத்தடி நீர் இறங்கினால் கூரை இடிந்துவிடும். இந்த வட்டாரத்து ஏரிகளில் பல இப்படிப் பிறந்தவைதாம். அந்தப் பள்ளமும் இப்போது சாதுவான ஓர் ஏரி. காரில் வந்த வழியிலேயே அதைப் பார்த்துவிட்டோம்.

இரண்டாவது, படகு. 1938 முதல் இங்கே உல்லாசப் படகுகள் ஓடுகின்றன. பதினெட்டுப் பேர் அமரும் தட்டையான படகில் ஒரு மணி நேரம் மூன்று ஏரிகளைச் சுற்றி வரலாம். ஏரிக்கும் ஏரிக்கும் இடையே, முன்னாளில் மரக்கட்டைகளை மிதக்கவிட்டுக் கொண்டு போன குறுகிய கால்வாய்கள் இருக்கின்றன. இருபுறமும் செடிகொடிகள் தலைக்கு மேல் கவிந்து நிற்கின்றன. சைப்ரஸ் மரங்களிலிருந்து நரைத்த தாடிபோல் ஒரு தாவரம் தொங்குகிறது. அதற்கு 'ஸ்பானியப் பாசி' என்று பெயர். அது ஸ்பெயின் தேசத்ததும் அன்று, பாசியும் அன்று, அன்னாசியின் உறவு! பாம்புபோல் கழுத்தை நீட்டும் நீர்ப்பறவையொன்று இறக்கையை விரித்து வெயிலில் உலர்த்திக் கொண்டிருந்தது. பெரிய மாளிகைகளின் பின்புறத் தோட்டங்கள் தண்ணீர் வரை இறங்கி வருகின்றன.

படகு புறப்படும் ஏரிக்கு ஆஸியோலா என்று பெயர். அது இந்நாட்டின் பூர்வகுடிகளாகிய செமினோல் மக்களின் வீரத் தலைவர் ஒருவருடைய பெயர். வெள்ளைக் கொடியை நம்பிச் சமாதானம் பேச வந்த அவரை 1837-இல் அமெரிக்கப் படையினர் சிறைப்பிடித்தனர். அடுத்த வருஷமே சிறையில் மாண்டு போனார். மனிதரை அப்புறப்படுத்திவிட்டுப் பெயரை மட்டும் ஏரிக்கு வைத்துக் கொண்டார்கள்.

மூன்றாவது, அதே ஏரிக்கரையில் ஆல்பின் பொலாசெக் என்ற சிற்பியின் இல்லம். மொரேவியா நாட்டில் 1879-இல் பிறந்து, மரம் செதுக்கும் தொழிலாளியாக அமெரிக்கா வந்து, சிகாகோ கலைக்கூடத்தில் சுமார் முப்பது வருஷம் ஆசிரியராயிருந்தவர். ஓய்வு பெற்று இங்கே வந்த சில மாதங்களில், 1950-இல், பக்கவாதம் கண்டு இடப்பக்கம் முழுதும் செயலற்றுப் போயிற்று. அதன் பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, ஒரே கையால் பதினெட்டுச் சிற்பங்களைச் செய்து முடித்தார். ஒரு மனிதன் கற்பாறையிலிருந்து தன்னைத் தானே செதுக்கிக் கொண்டு வெளிப்படும் சிலை தோட்டத்தில் நிற்கிறது. தலைவலி என்று லீவு கேட்கும் என் மாணவர்கள் சிலரையும், ஜலதோஷம் என்று லீவு எடுக்கும் வாத்தியார் ஒருவரையும் அச்சமயம் நினைத்துக் கொண்டேன்.

நான்காவது, பார்க் அவென்யூ என்னும் பிரதான வீதியில் உள்ள மோர்ஸ் கலைக் காட்சிசாலை. திங்கட்கிழமை தவிர மற்ற நாட்களில் திறந்திருக்கும். லூயி டிஃபனி என்ற கலைஞரின் வர்ணக் கண்ணாடி வேலைகளுக்கு உலகத்திலேயே பெயர் போன இடம் இது. கண்ணாடியின் மேல் வர்ணம் தீட்டுவதைக் குறைத்து, காய்ச்சும்போதே கண்ணாடிக்குள் வர்ணங்களைக் கலந்தது அவருடைய சாமர்த்தியம். ஆகையால் பூவிதழின் மடிப்பும் மேகத்தின் நிழலும் கண்ணாடிக்குள்ளேயே தெரிகின்றன.

காட்சிசாலைக்குள் ஒரு பிரார்த்தனை மண்டபமே இருக்கிறது. கண்ணாடித் துணுக்குகள் பதித்த தூண்கள். மேலே பத்தடி உயரத்தில் சிலுவை வடிவமாக ஒரு மின்விளக்கு. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக டிஃபனி அமைத்தது இது. அந்தப் பொருட்காட்சியை ஒட்டி நடந்த சர்வமத மகாசபையில்தான், சென்னை அன்பர்கள் பணம் திரட்டி அனுப்பி வைத்த சுவாமி விவேகானந்தர் பேசினார் என்பது நேயர்களுக்குத் தெரியும்.

பிற்காலத்தில் டிஃபனியின் மோஸ்தர் மங்கிப் போயிற்று. 1933-இல் அவர் காலமானார். மண்டபத்தைக் கொண்டு போய் வைத்திருந்த அவருடைய மாளிகை 1957-இல் தீப்பற்றி எரிந்தது. இளமையில் அம்மாளிகையில் தங்கிக் கலை பயின்ற ஹியூ மக்கீன் என்பவரும், அவர் மனைவி ஜெனட்டும், இடிபாடுகளிலிருந்து கிடைத்ததையெல்லாம் விலைக்கு வாங்கி இவ்வூருக்குக் கொண்டு வந்தார்கள். ஜெனட் அம்மையார் 1942-இல் ஸ்தாபித்ததே இந்தக் காட்சிசாலை. துண்டு துண்டாகக் கிடந்த மண்டபம் முழு உருப்பெற்று ஜனங்களுக்குத் திறக்கப்பட்டது 1999-இல். யாரும் வேண்டாம் என்று விட்டதை நாற்பது வருஷம் காப்பாற்றி வைத்திருந்தார்கள்!

இன்னொரு செய்தியும் உண்டு. டிஃபனி விளக்குகள் என்று உலகம் கொண்டாடும் பலவற்றைக் கற்பனை செய்து வரைந்தவர் கிளாரா டிரிஸ்கோல் என்ற பெண்மணி. கண்ணாடி நறுக்கும் பெண்களுக்குத் தலைவியாக இருந்தவர் அவர். தம் வீட்டாருக்கு அவர் எழுதிய கடிதங்களை இந்த நூற்றாண்டில் ஆராய்ச்சிக்காரர்கள் படித்த பிறகுதான் இது உலகுக்குத் தெரிந்தது.

ஜாபிதா தீர்ந்தது. ஊரின் நடுவிலுள்ள பூங்காவில் வந்து உட்கார்ந்தோம். பூங்காவின் ஓரத்திலேயே ரயில் நிலையம், கேட்டை மூடினார்கள். வண்டி போகும் வரையில் பேச்சுக்காக, "பாதைக்கு அந்தப் பக்கம் என்ன?" என்று கேட்டேன்.

"தெரியாது, மாமா. நான்கு வருஷமாக இந்தப் பக்கந்தான் வருகிறேன்" என்றான். காரில் வரும்போது அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் வந்திருந்தோம். இறங்கிப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு தெரு நடந்தோம். அங்கே இருந்தது ஹானிபால் ஸ்கொயர் என்னும் பேட்டை.

1881-இல் ஊரைத் திட்டமிட்டவர்கள் வரைபடத்திலேயே இரண்டு பக்கம் வகுத்துவிட்டார்கள். கிழக்கே ஏரிக்கரையில் தனவந்தர்களுக்குப் பெரிய மனைகள். மேற்கே, அவர்களுடைய வீடுகளிலும் ஹோட்டல்களிலும் ஆரஞ்சுத் தோட்டங்களிலும் உழைக்கும் கறுப்பு இன மக்களுக்குச் சிறிய மனைகள். அடிமைத்தனம் ஒழிந்து அப்போது பதினாறு வருஷமே ஆகியிருந்தது.

1887-இல் வின்டர் பார்க்கை ஒரு நகரமாகப் பதிவு செய்ய வாக்கெடுப்பு நடந்தது. கஸ் ஹெண்டர்சன் என்ற கறுப்பு இனத்தவர், பின்னால் சொந்தமாகப் பத்திரிகை நடத்தியவர், தம் மக்களைத் திரட்டிப் பாதையைத் தாண்டி அழைத்துச் சென்றார். அவர்களுடைய வாக்குகளால் நகரம் பிறந்தது. வால்டர் ஸிம்ஸன், ஃபிராங்க் இஸ்ரேல் என்ற இரு கறுப்பு இனத்தவர் நகரசபை அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தென் ராஜ்யங்களில் அக்காலத்தில் இது சாமான்யமான காரியம் அன்று.

ஆனால் 1893-இல் ராஜ்யத்தின் சட்டசபை நகர எல்லையைத் திருத்தி எழுதிற்று. ஹானிபால் ஸ்கொயர் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டது. வாக்களித்து நகரத்தை உண்டாக்கியவர்களுக்கே அந்த நகரத்தில் வாக்கில்லை என்று ஆயிற்று. வேலைக்கு மட்டும் தினந்தோறும் பாதையைத் தாண்டி வந்து கொண்டிருந்தார்கள். திரும்ப அவர்களைச் சேர்த்துக் கொண்டது 1925-இல். முப்பத்திரண்டு வருஷம் கழித்து!

1893! சற்று முன் கண்ணாடி மண்டபத்தில் பார்த்த அதே வருஷம். சிகாகோவில் அந்த மண்டபத்தை ஜனங்கள் வியந்து கொண்டிருந்தபோதே, அப்பொருட்காட்சியில் தங்கள் இனத்தாருக்கு இடம் இல்லாததைக் கண்டித்து ஃபிரெடரிக் டக்ளஸும் ஐடா வெல்ஸும் துண்டுப் பிரசுரம் வெளியிட்டார்கள். இதையெல்லாம் தனித்தனியாக நான் படித்ததுண்டு. ஒரே ஊரில் இரண்டு தெரு நடந்து பார்த்தபோதுதான் மனத்தில் ஒன்று சேர்ந்தது.

ஹானிபால் ஸ்கொயரில் 2007-இல் ஒரு சிறிய நினைவகம் ஏற்படுத்தியிருக்கிறார்கள். அங்கே வர்ணக் கண்ணாடி கிடையாது. சுவர் நிறையப் புகைப்படங்கள். இங்கு வாழ்ந்த குடும்பங்கள் தங்கள் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தவை. கல்யாணக் கோலத்தில் ஒரு ஜோடி, பள்ளிப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் ஒரு பாட்டி. அவற்றுடன் அவர்களே வாய்மொழியாகச் சொன்ன நினைவுகள். வெளியே தெருவில் புதிய கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. நிலத்தின் விலை ஏற ஏற, பழைய குடும்பங்கள் பல வெளியேறிவிட்டன. எரிந்த மாளிகையிலிருந்து கண்ணாடியைக் காப்பாற்றியது போலவே, கலையும் பேட்டையிலிருந்து இந்த முகங்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று எண்ணினேன்.

அங்கிருந்து சில மைல் தூரத்தில் ஈட்டன்வில் என்ற ஊர். அதே 1887-இல் கறுப்பு இனத்தவர் இருபத்தேழு பேர் கூடித் தாங்களே தங்களுக்கென்று அமைத்துக் கொண்ட நகரம். நாவலாசிரியை ஜோரா நீல் ஹர்ஸ்டன் வளர்ந்தது இங்கேதான். திண்ணையில் அமர்ந்து பெரியவர்கள் சொன்ன கதைகளைச் சேகரித்து 1935-இல் புத்தகமாக்கினார். ஜனவரி தோறும் அவர் பெயரால் விழா நடக்கிறது. 1933-இல் அவர் தயாரித்த நாட்டுப் பாடல் நாடகம், வின்டர் பார்க்கில் 1885 முதல் இருந்துவரும் ராலின்ஸ் கலாசாலையில் நடந்தது. மேடையில் ஆடிப் பாடியவர்கள் கறுப்பு இனத்தவர். பார்ப்பதற்கு அவர்களுடைய உறவினருக்கு அனுமதியில்லை. அதே கலாசாலை 1949-இல் மேரி மக்லியாட் பெத்யூன் என்ற கறுப்பு இனக் கல்வியாளருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. மாறுதல் மெதுவாகத்தான் வந்தது; ஆனால் வந்தது.

யாத்திரிகர்களுக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். ஆர்லாண்டோவிலிருந்து வார நாட்களில் ரயில் உண்டு, பூங்காவிலேயே இறங்கலாம். இறங்கியதும் ஏரிப் பக்கம் போகாதீர்கள். முதலில் மேற்கே நடந்து அந்தப் புகைப்படங்களைப் பாருங்கள். பிறகு படகில் ஏறுங்கள். மாளிகைகளும் தோட்டங்களும் சற்றும் அழகு குறையாமல் அப்படியே இருக்கும். அவற்றைத் துடைத்துப் பெருக்கி நீர் வார்த்தவர்களுடைய முகங்கள் மட்டும் கூடவே நினைவுக்கு வரும்.

நான் ஊர் திரும்பிய மறு மாதம் பையனிடமிருந்து கடிதம் வந்தது. "குழந்தைகளை அழைத்துக் கொண்டு மறுபடியும் போனோம், மாமா. கேட்டைத் தாண்டிப் போனோம்" என்று எழுதியிருந்தான். என் ஜாபிதாவை எடுத்து, ஐந்தாவது என்று இலக்கமிட்டு எழுதிக் கொண்டேன்.