தொடாதே என்றவர்களே இப்போது அழைக்கிறோம்

தவளக்குப்பம், நல்லவாடு, பூரணாங்குப்பம், அபிஷேகப்பாக்கம், நோணாங்குப்பம் ஊர்களைச் சேர்ந்த பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், முக்கியமாகப் பள்ளி, கல்லூரி மாணவ மாணவியருக்கும்:

கடலூர் சாலையிலிருந்து நல்லவாட்டுக்குத் திரும்பும் பக்கம், வேப்பமரம் நிற்கும் மண் திடலில், சாயங்காலம் ஆனால் இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்கும். பட்டறை என்று நினைத்துப் பல பேர் தாண்டிப் போயிருப்பீர்கள். பட்டறை இல்லை, நாங்கள்தான். பெத்தாங் ஆடுகிறோம். மொத்தம் பதினோரு பேர். எங்களில் சின்னவருக்கு வயது 58. ஒருவருக்குக் கண்புரை ஆபரேஷன், இன்னொருவருக்கு மூட்டுவலி என்று ஆளுக்கொரு காரணம் வந்துவிட்டால் அன்றைக்கு ஆட்டமே கிடையாது. இந்த வேண்டுகோள் எதற்கு என்று இனி விளக்கத் தேவையில்லை.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம்.

நாலைந்து வருடத்துக்கு முன் ஒரு பையன், ஏழாவது படிப்பான், தினமும் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு நின்று பார்ப்பான். ஒருநாள் ஓரமாக உருண்டு வந்த குண்டை எடுத்தான். எங்களைப் போலவே உள்ளங்கையைக் கீழ்ப்பக்கம் திருப்பி, கையைத் தாழ்த்தி வீசினான். குண்டு போய்க் குறிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அன்றைக்கு எங்களில் ஒருவர்கூட அவ்வளவு கிட்டே போடவில்லை. தட்டிக்கொடுத்திருக்க வேண்டும். “டேய், தொடாத! அது பிரான்சுலேர்ந்து வந்த குண்டு” என்று அதட்டினோம். போய்விட்டான். மறுவாரம் எதிர்த் திடலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான். அதன் பிறகும் “இந்தக் காலத்துப் பசங்களுக்கு இதிலெல்லாம் எங்கே ஆசை” என்று நாங்கள் வருடக்கணக்கில் குறைபட்டுக்கொண்டோம். ஆசை தானாக வந்து வாசலில் நின்றது. விரட்டியது நாங்கள்.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: மண்ணில் ஒரு வட்டம் போடுவோம், அரை மீட்டருக்கு மேல் அகலம் கூடாது. அதற்குள் இரண்டு காலையும் ஊன்றி நிற்க வேண்டும். 6 முதல் 10 மீட்டர் தள்ளி, பெரிய நெல்லிக்காய் பருமனில் ஒரு மரக்குண்டு கிடக்கும். பிரெஞ்சில் அதன் பெயர் கொஷோனே, அதாவது பன்றிக்குட்டி. நாங்கள் ‘குட்டி’ என்றே சொல்கிறோம். சாத்துக்குடி அளவில், 650 முதல் 800 கிராம் எடைக்குள் இருக்கும் இரும்புக் குண்டைக் குட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி போட வேண்டும். எதிராளியின் மிகக் கிட்டேயுள்ள குண்டைவிட உங்கள் குண்டுகள் எத்தனை குட்டியை நெருங்கி நிற்கின்றனவோ, அத்தனை புள்ளி உங்களுக்கு. முதலில் 13 எடுத்த அணி ஜெயித்தது. ஒற்றையராகவும் ஆடலாம், இருவர் மூவராகவும் சேரலாம்.

பக்கத்தில் போய் நிற்க வைப்பது ஒரு கலை என்றால், பக்கத்தில் நிற்கும் எதிராளியின் குண்டை அடித்துத் தூக்குவது இன்னொரு கலை. அடிப்பவருக்குப் பிரெஞ்சில் ‘தீரேர்’ என்று பெயர். துப்பாக்கி சுடுகிறவரையும் அதே சொல்லால்தான் குறிப்பார்கள். எங்கள் காதில் அது ‘தீரர்’ என்றே விழுகிறது, பொருளும் பொருந்தித்தான் போகிறது. எட்டு மீட்டர் தூரத்திலிருந்து வந்த குண்டு நேராக எதிராளியின் குண்டு மேல் விழுந்து, அதைத் துரத்திவிட்டு அதே இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டால், அதுதான் ‘கரோ’. அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மறுநாள் வராமல் இருக்க மாட்டார்.

இதையெல்லாம் படிக்கும்போது கோலி ஞாபகம் வருகிறதா? வர வேண்டும். நடுவிரலை வில்லாக வளைத்து அடுத்தவன் கோலியைப் பறக்க விட்டவர்கள்தான் நாம் எல்லோரும். கையில் எடை கூடியிருக்கிறது, கண்ணுக்கு வேலை அதேதான். கோலி ஆடியவனுக்குப் பெத்தாங்கில் பாதி ஏற்கெனவே தெரியும்.

இந்த ஆட்டம் தெற்குப் பிரான்சில் லா சியோத்தா என்ற துறைமுக ஊரில் 1907 வாக்கில் பிறந்தது. அதற்கு முன் இருந்த ஆட்டத்தில் ஓடிவந்து வீச வேண்டும். ழூல் லெனுவார் என்ற நல்ல ஆட்டக்காரருக்கு மூட்டுவாதம் வந்து ஓட முடியாமல் போயிற்று. அவர் ஒதுங்கி உட்காரக் கூடாது என்று நண்பர்கள் விதியையே மாற்றினார்கள்: தூரத்தைக் குறைப்போம், எல்லோரும் நின்றபடியே வீசுவோம். காலை ஊன்றி நிற்பதைச் சொல்லும் அந்த வட்டாரப் பேச்சிலிருந்துதான் பெத்தாங் என்ற பெயரே வந்தது. ஆட முடியாமல் போன ஒருவரை உள்ளே சேர்த்துக்கொள்வதற்காகப் பிறந்த ஆட்டத்தை, ஆட ஆசைப்பட்ட ஒரு பையனை வெளியே நிறுத்தி ஆடிக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்தால் எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது.

புதுச்சேரிக்கு இது பிரெஞ்சுக்காரர்களோடு வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து வியட்நாம், அல்ஜீரியா என்று போய் வந்த நம் ஊர் ‘சொல்தா’க்கள் பென்ஷனோடு சேர்த்து இதையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறி 70 வருடம் தாண்டியும் ஆட்டம் நிற்கவில்லை. ஆனால் ‘சொல்தா வீட்டுக்காரங்க ஆட்டம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த வேலியை வெளியார் யாரும் போடவில்லை.

வயதானவர்கள் கையில் மட்டும் தங்கிய விளையாட்டு என்ன ஆகும் என்பதற்கு ஓர் ஒப்பீடு. குழல் வாய் வழியாகக் கருமருந்தும் ரவையும் போட்டுக் கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கிகளை வைத்துக் குறி பார்க்கும் போட்டிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உண்டு. அங்கேயும் நரைத்த தலைகள்தான் அதிகம், இளையவர்களை எப்படி வரவழைப்பது என்பதே பேச்சு. பக்கத்துக் கர்நாடகத்தில், குடகு மலையில், கதை வேறு. செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போது திருநாள் அன்று வீட்டுத் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். பிறகு உயரமான மரத்தில் தேங்காயைக் கட்டி, சுட்டு வீழ்த்தும் போட்டி நடக்கும். அங்கே பிள்ளைகளைத் தேடி யாரும் நோட்டீஸ் போட வேண்டியதில்லை. தாத்தா, அப்பா, அண்ணன் குறி பார்ப்பதைப் பார்த்தே வளர்கிறார்கள். மன்றத்துக்குள் பூட்டி வைத்தது மெலிந்தது, திருவிழாவில் கலந்தது தழைத்தது. எங்களுக்குப் பாடம் அங்கேதான் கிடைத்தது.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பவர்களுக்கு: தாய்லாந்தைப் பிரான்சு ஆண்டதே இல்லை. அன்றைய மன்னரின் தாயார் ஸ்ரீநகரிந்திரா ஆதரித்துப் பரப்பியதால் பெத்தாங் அங்கே வேர்விட்டது. இன்று அந்நாட்டுப் பெண்கள் உலகப் பட்டம் வென்றவர்கள். நம்மைப் போலவே பிரெஞ்சு ஆட்சியைப் பார்த்த மடகாஸ்கர், 1999-லும் 2016-லும் மூவர் ஆட்டத்தில் உலக சாம்பியன். புழுதி மண்ணில் ஆடியவர்கள்தான் அவர்களும்.

ஆனால் ஆசை காட்டி அழைக்க விரும்பவில்லை. பெத்தாங் ஒலிம்பிக்கில் இல்லை. இதை ஆடினால் அரசு வேலை கிடைக்கும் என்று சொன்னால் பொய். கிரிக்கெட்டை விடவும் வேண்டாம். வாரத்தில் ஒரு சாயங்காலம் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, கண்ணையும் கையையும் ஒரே புள்ளியில் நிறுத்திப் பாருங்கள். பத்து வயதுப் பேத்தியும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே அணியில், சலுகை எதுவும் இல்லாமல் ஆடக்கூடிய விளையாட்டு வேறு எது இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து நாங்கள் தரும் வாக்கு இது:

குண்டு நாங்கள் தருவோம், பணம் வேண்டாம். பிரெஞ்சு தெரிய வேண்டாம், புள்ளி எண்ணுவது தமிழில்தான். எந்த வீடு, எந்தத் தெரு என்று கேட்க மாட்டோம். பெண் பிள்ளைகளுக்குத் தனி மூலை கிடையாது, எல்லோருக்கும் ஒரே வட்டம். பெற்றோர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் விஷயத்தையும் நாங்களே சொல்லிவிடுகிறோம்: ஆட்டம் நடக்கும் இடத்தில் இனி புட்டியும் இல்லை, பீடி சிகரெட்டும் இல்லை, காசு வைத்துப் பந்தயமும் இல்லை. இந்த முடிவுக்கு எங்களில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அவர்களும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

உங்களிடம் நாங்கள் கேட்பவை நான்கு.

1. மாணவர்களே, ஒரே ஒரு ஞாயிறு வந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் மறுபடி கூப்பிட மாட்டோம்.

2. உடற்கல்வி ஆசிரியர்களே, பள்ளியில் 15 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு மண் தரை இருந்தால் போதும். புல்லும் சிமென்ட்டும் வேண்டாம், கொஞ்சம் சரளை கலந்திருந்தால் இன்னும் நல்லது. நேரம் சொன்னால் குண்டுகளோடு நாங்களே வருகிறோம். ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வரும் பிள்ளையை எங்களிடம் அனுப்புங்கள். அவன்தான் எங்கள் தீரர் ஆவான்.

3. பிரான்சில் பிள்ளைகள் குடியேறிவிட்ட குடும்பத்தாரே, பரணைப் பாருங்கள், பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தாத்தாவின் மூன்று குண்டுகள் துணிப்பையோடு துருப்பிடித்துக் கிடக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். கொடுத்தால் துருவைத் தேய்த்து எண்ணெய் தடவி ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்வோம். திருப்பிக் கேட்டால் திருப்பியும் தருவோம்.

4. இளைஞர் மன்றத்துத் தம்பிகளே, காணும் பொங்கல் விளையாட்டுப் போட்டியில் உறியடிக்கும் கயிறு இழுப்புக்கும் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மூலை ஒதுக்குங்கள். ஒரு வட்டம், ஒரு குட்டி, ஆளுக்கு மூன்று வீச்சு. அதிகக் கிட்டே போட்டவருக்கு எவர்சில்வர் குடம் எங்கள் செலவு. குடகில் தேங்காய் எப்படியோ, இங்கே அந்தக் குடம் அப்படி.

கடைசியாக, அந்தச் சைக்கிள் பையனுக்கு. இந்நேரம் நீ பிளஸ் டூ முடிக்கும் வயதில் இருப்பாய். அன்றைக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்திய குண்டை நாங்கள் மறக்கவில்லை. அதட்டியதற்கு மன்னித்துவிடு தம்பி. அதே குண்டை உனக்காக எடுத்து வைத்திருக்கிறோம். நீ வந்தால் எங்களுக்கே கற்றுக்கொடுப்பாய் என்று நினைக்கிறோம்.

ஒவ்வொரு ஞாயிறும் மாலை 4 மணிக்கு வேப்பமரத் திடலில் இருப்போம். கால் மூடிய ஷூ போட்டு வாருங்கள், முக்கால் கிலோ இரும்பு விரலில் விழுந்தால் வலிக்கும். குடிக்கத் தண்ணீர் கொண்டு வாருங்கள். முதல் நாள் மழை பெய்திருந்தால் மட்டும் ஒருநாள் பொறுத்து வாருங்கள், மண் காயட்டும்.

இப்படிக்கு,
வேப்பமரத் திடல் பெத்தாங் ஆட்டக்காரர்கள் பதினோரு பேர்,
தவளக்குப்பம், புதுச்சேரி.