கட்டுவதா, வாங்குவதா?

எங்கள் வீட்டில் மூத்தவர் தமிழ் முதுகலை முடித்துக் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போனார். இளையவர் லாரிக்குப் போனார். நாமக்கல் பக்கத்து வீடுகளில் இது அரிதான பிரிவினை அன்று. இங்கே 'நாங்கள்' என்பது இவ்விருவரையும் சேர்த்தே. சொற்கள் மூத்தவருடையவை, கருத்தில் பெரும்பகுதி இளையவருடையது.

சென்ற தை மாதத்தில் தங்கை மகன் வந்து திண்ணையில் உட்கார்ந்து கேட்டான்: "ஏனுங்க மாமா, சேஸ் எடுத்துப் பாடி கட்டிரலாமுங்களா? இல்லீன்னா ஓடுன வண்டியாப் பாத்து வாங்கிக்கலாமுங்களா?" எட்டு ஆண்டுகளாக அடுத்தவர் லாரியை ஓட்டுகிறவன் அவன். தங்கைக்குப் பாகத்தில் வந்த அரை ஏக்கரை விற்று, அவன் சேமிப்பையும் சேர்த்தால் புது வண்டிக்கு முன்பணம் தேறும். அந்த அரை ஏக்கரைத் தவிரத் தங்கைக்கு வேறு சொத்து இல்லை. ஆகவே விளையாட்டாக விடை சொல்லிவிடக்கூடிய கேள்வியாக அது இல்லை.

ஊரில் இதற்கு ஆயத்தமாக இரண்டு விடைகள் உண்டு. பழைய வண்டி வாங்குகிறவர் அடுத்தவர் நோயை விலைகொடுத்து வாங்குகிறார் என்பர் ஒரு சாரார். புதுவண்டி கட்டுகிறவர் கடன் கொடுத்தவருக்காக உழைக்கிறார் என்பர் மறுசாரார். இரண்டுமே விலையைப் பற்றிய பேச்சுதான். விலைக்கு முன்னால் கேட்கவேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது என்பது எங்கள் கருத்து. என்ன சுமை ஏற்றப்போகிறோம் என்பதே அது. சுமை இன்னதென்று அறிந்தவர் கட்டலாம். அறியாதவர் வாங்குவதே முறை.

இத்தொழிலை அருகிலிருந்து பார்த்திராதவர்களுக்குச் சிறு விளக்கம் தேவைப்படலாம். முன்பெல்லாம் லாரி முழு லாரியாக ஆலையிலிருந்து வருவது குறைவு. எஞ்சின், கியர் பாக்ஸ், அச்சுகள், இவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஆகியவை மட்டுமே சேஸ் என்ற பெயரில் வரும். மேற்கூரையும் கதவும் இல்லாத அந்த எலும்புக்கூட்டைத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி வருவார்கள். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் உள்ள பட்டறைகளில் தச்சர், வெல்டர், டிங்கர், பெயிண்டர் எனப் பலர் கைபட்டு அது லாரியாகும். முட்டைக்கு ஒரு வகைப் பாடி, மூட்டைக்கு ஒரு வகை, எரிவாயுவுக்கு டேங்கர். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியும் இவ்வாறே உருப்பெறும்.

இங்கிலாந்தில் கார்களையே இப்படி விற்றிருக்கிறார்கள். 1957-இல் வந்த லோட்டஸ் செவன் என்னும் சிறு காரைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். முழுக் காருக்கு விதிக்கப்பட்ட கொள்முதல் வரியும் அதனால் மிச்சமாயிற்று. அங்கே கட்டுவதா, கட்டியதை வாங்குவதா என்பது விடுமுறை நாள் இன்பத்தைப் பற்றிய கேள்வி. தவறினால் ஒரு கார் கொட்டகையில் துருப்பிடிக்கும். இங்கே தவறினால் ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போகும்.

எங்களுக்கே அப்படித் தவறியிருக்கிறது. 2007-இல் இளையவர் சேஸ் எடுத்தார். அம்மாவின் நகைகள் வங்கிக்குப் போயின. பட்டறை மேஸ்திரி முதல் நாள் கேட்ட கேள்வி இன்றும் நினைவில் இருக்கிறது: "என்ன லோடுங்க ஏத்தப் போறீங்க?" எல்லா லோடும் ஏற்றுவோம் என்றோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நாங்கள் விரும்பியபடியே தடித்த பலகையும் உயர்ந்த பக்கங்களும் வைத்துக் கட்டிக்கொடுத்தார். அழகான வண்டி. ஆனால் 41 நாள் பட்டறையில் நின்றது. பாடி கட்டும் வரை தற்காலிகப் பதிவை நீட்டித்துத் தரச் சட்டத்தில் இடமுண்டு. கடன் தவணையை நீட்டித்துத் தர ஆளில்லை. ஒரு நடை போகுமுன்பே முதல் தவணை வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய பிழை எடையில் இருந்தது. அன்று இரண்டு அச்சு லாரிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 16.2 டன். வண்டியின் எடையும் அதற்குள் அடக்கம். பாடியில் நாங்கள் ஆசைப்பட்டுக் கூட்டிய ஒவ்வொரு கிலோவும் வாடகை தரும் சுமையில் ஒவ்வொரு கிலோவைக் குறைத்தது. எங்களுக்குத் தொடர்ந்து கிடைத்த லோடோ சேலத்து ஜவ்வரிசி மூட்டை. அதற்கு அவ்வளவு தடித்த பலகையும் உயரமும் தேவையே இல்லை. மூன்றாம் ஆண்டு வண்டியை விற்றோம். நகைகளில் பாதிதான் திரும்பி வந்தது. பட்டறைமேல் எங்களுக்குக் குறையில்லை. கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் கட்டியவர்கள் நாங்கள்தான்.

இதைச் சொன்னபோது தங்கை மகன் விடவில்லை. அவன் பக்கத்திலும் நியாயம் இருந்தது. 2018-இல் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 18.5 டன்னாக உயர்ந்துவிட்டது. 2025 செப்டம்பரில் சரக்கு லாரிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் கட்டாயம் என்ற விதியும் வந்துவிட்டது. வெயிலில் வெந்த முதுகுக்கு அது சிறு வரம் அன்று. பழைய வண்டியில் இவற்றுள் எது கிடைக்கும் என்று கேட்டான். மேலும், எல்லாரும் ஓடிய வண்டியையோ ஆலை கட்டித்தரும் வண்டியையோ வாங்கினால் நம் பட்டறைகள் என்னாவது என்றும் கேட்டான்.

இந்தக் கடைசிக் கேள்வி எங்களையும் வருத்துவதே. ஓட்டுநர் அறை பெரும்பாலும் ஆலையிலேயே முடிந்து வருகிறது. பட்டறைக்கு மிஞ்சுவது பின்பக்கத் தொட்டி மட்டும். ஆயினும் ஊர்த்தொழிலைக் காப்பாற்றும் பாரத்தை முதல் வண்டி வாங்குகிறவன் தலையில் ஏற்றுவது அறமாகாது. பட்டறையின் உண்மையான பலம், இன்ன பாதைக்கு இன்ன சுமைக்கு இப்படி வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் வரும்போதுதான் வெளிப்படுகிறது. ஆலை எல்லாருக்கும் ஒரே அளவில் செய்கிறது. பட்டறை ஒருவருக்கென்று செய்கிறது. அந்த ஒருவருக்குத் தம் தேவை தெரிந்திருக்கவேண்டும்.

ஓடிய வண்டி அதைக் கற்றுத்தரும். ஆனால் அதைப் பார்த்து வாங்கவேண்டும். பெயிண்டைப் பார்த்து மயங்கக்கூடாது. அடியில் படுத்து, பட்டை பூட்டியிருக்கும் இடங்களில் சட்டம் விரிந்து வெல்டிங் வைத்திருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். சேஸ் எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகவேண்டும். பழைய கடன் தீர்ந்து எச்.பி. நீக்கப்பட்டிருக்கவேண்டும். வரி, இன்சூரன்ஸ், பர்மிட், கட்டாத அபராதங்கள் எல்லாவற்றையும் கேட்கவேண்டும். எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை இருக்கும் எஃப்.சி. அதன்பின் ஆண்டுதோறும் வரும். அந்தச் செலவையும் விலையில் கழிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாடி கட்டும் மேஸ்திரி ஒருவரை உடன் அழைத்துப் போகவேண்டும். கட்டத் தெரிந்தவருக்கே எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறது என்பது தெரியும்.

வகுப்பில் புறநானூற்றின் 102ஆம் பாடலை நடத்தும்போதெல்லாம் இளையவர் நினைவு வரும். தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. உப்பு வணிகரான உமணர் பள்ளமும் மேடும் எப்படி இருக்குமோ என்று எண்ணி, வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவர். அரசன் மக்களுக்கு அத்தகையவன் என்பது உவமை. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. பாரம் ஏற்றிப் போகிறவர் மாற்று அச்சு இல்லாமல் புறப்படக்கூடாது என்பது இந்த நிலத்தில் ஈராயிரம் ஆண்டாக அறியப்பட்ட செய்தி. 2007-இல் எங்கள் வண்டியில் ஸ்டெப்னி டயர் இருந்தது. வீட்டில்தான் எதையும் மிச்சம் வைக்காமல் போனோம்.

ஆகவே தங்கை மகனுக்கு நாங்கள் சொன்ன முடிவு இது. சேமிப்பும் அளவான கடனும் எட்டும் விலையில் ஓடிய வண்டி ஒன்றை வாங்கு. இரண்டாண்டு ஓட்டு. எந்தப் பாதை, எந்தச் சுமை, திரும்பும்போது என்ன லோடு கிடைக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவை. அரை ஏக்கர் அப்படியே கிடக்கட்டும். உன் சேம அச்சு அதுதான்.

அவனுக்கு முழு மனதில்லை. ஆனாலும் சங்ககிரிக்குப் போய் இரண்டு வண்டிகளைப் பார்த்து, சட்டத்தில் ஒட்டு இருந்த ஒன்றைத் தானே கண்டுபிடித்து வேண்டாம் என்று வந்தான். மூன்றாவதை வாங்கினான். நோட்டு வண்டியில் இருக்கிறது. அது நிரம்பியபின் அவன் சேஸ் எடுப்பதானால், மேஸ்திரியின் கேள்விக்கு விடை சொல்ல அவனே முன்னால் நிற்பான். நாங்கள் பின்னால் நின்று கேட்போம்.