விடுமுறையில் தீம் பார்க்: டிக்கெட் காசுக்கு நாம் வாங்குவது என்ன?

அரையாண்டுத் தேர்வு முடிந்தாச்சு, அடுத்து பொங்கல் லீவு. பிள்ளைகள் உள்ள வீடுகளில் டிசம்பர் கடைசி வாரம் வந்தாலே ஒரே கேள்விதான்: "இந்த லீவுக்கு எங்கே கூட்டிட்டுப் போறீங்க?" சென்னையைச் சுற்றி இதற்குப் பதில் சொல்ல இடங்களுக்குப் பஞ்சமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல ஆண்டுகளாகப் பூங்காக்கள் இயங்குகின்றன. பூந்தமல்லி தாண்டினால் ஒன்று. திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லாவும் திறந்துவிட்டது. பெரிய பூங்காக்களில் தலைக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று கட்டணம் போகிறது. தாத்தா பாட்டியோடு ஐந்தாறு பேர் கிளம்பினால் வண்டி, சாப்பாடு, லாக்கர் எல்லாம் சேர்த்து பத்தாயிரம் ரூபாய் கரைந்துவிடும். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இது வருஷத்துக்கு ஒருமுறை செய்யும் செலவு.

அப்படிச் செலவழித்து உள்ளே போன பிறகு வீட்டுக்கு வந்து பலரும் சொல்வது, "மூணே மூணு ரைடுதான் போனோம், மிச்ச நேரமெல்லாம் கியூவுலேயே போச்சு" என்பதுதான். லீவு நாள்னா கூட்டம் இருக்கத்தானே செய்யும் என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தக் கூட்டத்தின் விலையை யார் கொடுப்பது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தீவுத்திடல் பொருட்காட்சியை எடுத்துக்கொள்வோம். அங்கே ராட்டினத்துக்குத் தனித்தனி டிக்கெட். ஜயன்ட் வீல் முன்னால் வரிசை நீளமாக இருந்தால் அதை விட்டுவிட்டு டெல்லி அப்பளம் வாங்கப் போய்விடலாம். காசு நம் பையில்தான் இருக்கும். நஷ்டம் ராட்டினக்காரருக்கு. அதனால் அவர் சுற்றை வேகமாக முடிப்பார், ஆள் கூட்டிக் கத்துவார். தீம் பார்க்கில் ஏற்பாடு தலைகீழ். வாசலிலேயே மொத்தப் பணத்தையும் வாங்கிவிடுகிறார்கள். வரிசையை நாம் பார்ப்பது பணம் கொடுத்த பிறகுதான். ஒரு ராட்டினம் ஏறினாலும் பத்து ஏறினாலும் பூங்காவுக்கு வருமானம் ஒன்றே. காத்திருப்பின் நஷ்டம் முழுக்கக் குடும்பத்தின் தலையில் விழுகிறது. கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்ட்கூட 1955-இல் திறந்தபோது ராட்டினத்துக்கு ஒரு சீட்டு என்றுதான் விற்றது. ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுப் புத்தகம் 1982 வரை அங்கே புழக்கத்தில் இருந்தது. பிறகுதான் முழுக்க ஒரே டிக்கெட் முறைக்கு மாறினார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். எண்கள் நம் வசதிக்காக எடுத்துக்கொண்டவை. 24 பேர் உட்காரும் ராட்டினம் ஒன்று. ஏற்றி, பெல்ட் போட்டு, சுற்றி, இறக்க 3 நிமிஷம் என்றால் மணிக்கு 20 சுற்று, 480 பேர். நாளுக்கு 7 மணி நேரம் ஓடினால் 3,360 பேர். அன்றைக்கு உள்ளே 6,500 பேர் இருந்தால், எல்லோரும் ஏற ஆசைப்படும் அந்த ராட்டினத்தில் பாதிப் பேருக்கு ஒருமுறைகூட இடம் கிடையாது. யாரும் வரிசை தாண்டவில்லை, எந்த மெஷினும் பழுதாகவில்லை என்றாலும் கணக்கு இதுதான். பூங்கா முழுவதற்கும் இதே மாதிரி பார்க்கலாம். மணிக்குச் சராசரியாக 400 பேரை ஏற்றும் பெரிய ராட்டினங்கள் பத்து இருந்தால் 7 மணி நேரத்தில் 28,000 சவாரி. 2,000 பேர் வரும் சாதாரண செவ்வாய்க்கிழமையில் ஆளுக்கு 14. ஏழாயிரம் பேர் வரும் லீவு நாளில் ஆளுக்கு 4. டிக்கெட்டில் அச்சடித்திருப்பது என்னவோ ஒரே பெயர்தான்; உள்ளே கிடைப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பல பூங்காக்களில் இந்தக் குறைந்த நாளுக்குத்தான் கட்டணமும் அதிகம்.

எத்தனை டிக்கெட் வரை விற்கலாம் என்பதில் கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஹாங்காங் ஒரு பாடம். அங்கே டிஸ்னிலேண்ட் 2005 செப்டம்பரில் திறந்தது. ஆறு மாதத்துக்குள் எந்த நாளிலும் போகலாம் என்ற டிக்கெட்டை விற்றார்கள். நெரிசல் வரும் 'சிறப்பு நாட்களுக்கு' மட்டும் தனி டிக்கெட். 2006 சீனப் புத்தாண்டு வந்தது. சிறப்பு நாட்களைக் குறித்தவர்கள் ஹாங்காங்கின் விடுமுறையைப் பார்த்துக் குறித்திருந்தார்கள். சீனப் பெருநிலத்தில் லீவு ஒரு வாரம் நீளும் என்பது கணக்கில் வரவில்லை. ஹாங்காங்கில் லீவு முடிந்த மறுநாள், பிப்ரவரி தொடக்கத்தில், எல்லை தாண்டி வந்த குடும்பங்கள் செல்லுபடியாகும் டிக்கெட்டோடு வாசலில் குவிந்தன. உள்ளே இடமில்லை என்று கேட்டை மூடினார்கள். டிக்கெட் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றவர்கள் வேலி ஏறிக் குதித்தார்கள். குழந்தைகளைக் கம்பிக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் கொடுத்தார்கள். அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் பரவின. நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது, பிறகு சீன விடுமுறை நாட்களையும் சேர்த்து டிக்கெட் முறையைத் திருத்தியது.

அந்தக் கேட்டை மூடியது ஒருவகையில் சரியான முடிவு. உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்புக்கு வேறு வழியில்லை. தவறு நடந்தது வாசலில் அல்ல, டிக்கெட் விற்ற மேஜையில், பல மாதங்களுக்கு முன்னால். இன்று நம் பூங்காக்கள் பெரும்பாலும் ஆன்லைனில் தேதி குறித்தே டிக்கெட் விற்கின்றன. அதாவது நாளை மறுநாள் எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்பதில் பெரும்பகுதி நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரியும். டிக்கெட் வாங்குகிற நமக்குத்தான் தெரியாது.

அடுத்தது அந்த 'ஃபாஸ்ட் டிராக்' சமாசாரம். கூடுதல் பணம் கட்டினால் தனி வரிசை. "காசு இருக்கிறவன் போறான், நமக்கென்ன?" என்று தோன்றலாம். நமக்கு இருக்கிறது. மணிக்கு 400 பேர் ஏறும் ராட்டினத்தில் 150 இடம் சிறப்பு வரிசைக்குப் போனால், சாதா வரிசைக்கு மிச்சம் 250. நமக்கு முன்னால் 400 பேர் நின்றால் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய காத்திருப்பு 1 மணி 36 நிமிஷமாகிறது. சிறப்பு டிக்கெட் வாங்கியவர் மிச்சப்படுத்திய நேரத்தை பூங்கா எங்கிருந்தோ உருவாக்கித் தரவில்லை. பக்கத்து வரிசையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற அம்மாவிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறது. டிஸ்னி 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் கொண்டுவந்தபோது அது டிக்கெட் எடுத்த எல்லோருக்கும் இலவசம். அமெரிக்கப் பூங்காக்களில் 2021-இல் அதைக் கட்டணச் சேவையாக மாற்றினார்கள். சாதா வரிசை நீளமாக இருந்தால்தான் இந்தச் சிறப்பு டிக்கெட் விற்கும். வரிசையைக் குறைக்க வேண்டியவருக்கே வரிசையால் வருமானம் என்றால், அவர் எவ்வளவு அக்கறையாகக் குறைப்பார்? தடை செய்யச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை சிறப்பு டிக்கெட் என்பதற்கு உச்சவரம்பு வைத்து, அந்த எண்ணை வாசலில் எழுதிப் போடட்டும்.

நம்மூர் குடும்பங்களுக்கே உரிய இன்னொரு பிரச்சினை பாட்டி டிக்கெட். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருகிற பாட்டி எந்த ராட்டினத்திலும் ஏறப்போவதில்லை. பைகளைக் காவல் காத்துக்கொண்டு நிழல் தேடி உட்கார்ந்திருப்பார். அவருக்கும் கிட்டத்தட்ட முழுக் கட்டணம். சில இடங்களில் முதியோர் தள்ளுபடி உண்டு, அவ்வளவுதான். வரிசையில் நிற்காதவரிடம் வரிசைக்கான காசு வாங்குவது என்ன நியாயம்? குழந்தைகளுக்கு வயதைவிட உயரத்தைப் பார்த்துத்தான் கட்டணம். அந்த அளவுகோல் முன்னால் எட்டு வயசுப் பையன் கூனிக்குறுகி நிற்பதும் அப்பா சிரித்து மழுப்புவதும் எல்லா ஊரிலும் நடக்கிற கூத்து.

கூட்டம் கூடும்போது பாதுகாப்பும் சோதனைக்குள்ளாகிறது. 2025 மே மாதம், கோடை விடுமுறை நேரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் ராட்டினம் உயரத்தில் நின்றுபோனது. குழந்தைகளும் பெண்களும் மணிக்கணக்கில் மேலேயே மாட்டிக்கொண்டு, கடைசியில் தீயணைப்புத் துறையினர் ராட்சத கிரேன் கொண்டுவந்து இறக்கினார்கள். நல்லவேளை, யாருக்கும் உயிர்ச் சேதமில்லை. நெரிசல் நாளில் சுற்றுக்குச் சுற்று அவசரம். பெல்ட்டைச் சரிபார்க்கும் பையனுக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்க நேரமிருக்காது. பழுது பார்க்க ராட்டினத்தை நிறுத்தினால் வரிசையில் நிற்பவர்களே சத்தம் போடுகிறார்கள். நிறுத்துகிற ஊழியரைத் திட்டாமல் இருப்பது நம் பக்கத்தில் செய்ய வேண்டிய வேலை.

நிர்வாகங்களிடம் கேட்பது பெரிய விஷயமில்லை. அன்றைய உச்சவரம்பு எத்தனை, இதுவரை விற்றது எத்தனை, எந்தெந்த ராட்டினம் பராமரிப்பில் இருக்கிறது என்ற மூன்றையும் பணம் கட்டும் பக்கத்திலேயே காட்ட வேண்டும். ரயில் டிக்கெட் போடும்போது காலி இடம் எத்தனை, காத்திருப்புப் பட்டியல் எத்தனை என்று பார்த்துப் பழகிய மக்களுக்கு இது புரியாத தகவல் இல்லை. டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி வாங்குகிற அரசு, 2018 ஜனவரியில் அதை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்துச் சலுகையும் தந்தது. அந்தச் சலுகையோடு இந்த ஒரு நிபந்தனையை மாநில அரசு உரிமத்தில் சேர்ப்பதில் தடை இருக்க முடியாது. விளம்பரத்தில் காட்டிய முக்கிய ராட்டினம் சொல்லாமல் மூடப்பட்டிருந்தால் அது சேவைக் குறைபாடு என்று வாதிட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இடம் தருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதியலாம். நீண்ட வரிசைக்காக மட்டும் பணத்தைத் திரும்ப வாங்குவது கஷ்டம்தான்.

அதுவரைக்கும் நம் கையில் இருப்பவை சில. டிசம்பர் 25-க்கும் ஜனவரி 1-க்கும் நடுவில் ஒரு வேலை நாளில் லீவு போட முடிந்தால் அன்றைக்குப் போங்க. கேட் திறக்கும் நேரத்துக்கே போய், எல்லோரும் வாசல் பக்கத்து ராட்டினத்தில் மொய்க்கும்போது நேராகக் கடைசிக்கு நடந்துவிடுங்கள். தண்ணீர் விளையாட்டை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம், சாப்பாட்டை பதினொன்றரைக்கே முடித்துவிடலாம். பாட்டிக்கு உள்ளே வேலை இல்லையென்றால் வீட்டிலேயே ஓய்வெடுக்கட்டும், அவருக்கும் அதுதான் பிடிக்கும். சின்னப் பிள்ளைகளின் கையில் அப்பாவின் போன் நம்பரை எழுதிவிடுங்கள். காணும் பொங்கலன்று மெரினாவில் போலீஸார் கட்டிவிடுகிற பட்டை மாதிரி. பேனா மட்டும் மார்க்கராக இருக்கட்டும், அலைக்குளத்தில் இறங்கினால் சாதா மை பத்து நிமிஷம் தாங்காது.